முகத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சே காசைக் கரைச்ச கதை: ராமேஸ்வரத்துல நான் கத்துக்கிட்ட கணக்கு



வழக்கமா நாம இங்க எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ், கிரெடிட் கார்டு பில்னு பேசுவோம். இன்னைக்குப் பேசப் போறது உங்க பாத்ரூம் அலமாரியைப் பத்தி. "பணத்தைப் பத்திப் பேசுற சேனல்ல ஃபேஸ் ஸ்க்ரப்புக்கு என்ன வேலை?"னு கேக்காதீங்க. கடைசிவரை படிங்க, கணக்கு இருக்கு.

முதல்ல ஒரு கேள்வி. முகத்துல இருக்கிற 'டெட் ஸ்கின்'னை எடுக்கிறதுக்காக இப்போ உங்ககிட்ட எத்தனை பொருள் இருக்கு? ஸ்க்ரப், சாலிசிலிக் ஃபேஸ் வாஷ், கிளைகாலிக் டோனர், வாரம் ஒரு தடவை போடுற சிவப்பு கலர் பீலிங் சொல்யூஷன்... எண்ணிப் பாருங்க. என்கிட்ட நாலு இருந்துச்சு. நாலும் செய்யறது ஒரே வேலைதான்னு எனக்குப் புரிய, ராமேஸ்வரம் கடல்ல ஒரு முங்கு முங்க வேண்டியிருந்துச்சு.

அன்னைக்கு என்ன நடந்துச்சு?

எனக்கு சொந்த ஊர் ராமநாதபுரம், வேலை சென்னையில. ரெண்டு வருஷம் முன்னாடி தை மாசம். பத்து நாள்ல தங்கச்சி நிச்சயதார்த்தம். போட்டோவுல முகம் பளபளன்னு இருக்கணும்னு ஆசை. ரெண்டு வாரமா காலையில சாலிசிலிக் ஃபேஸ் வாஷ், ராத்திரி கிளைகாலிக் டோனர், நடுவுல வால்நட் ஸ்க்ரப்னு போயிட்டு இருந்துச்சு. தை அமாவாசைக்கு முந்தின ராத்திரி பீலிங் சொல்யூஷனையும் போட்டேன். 10 நிமிஷம்னு பாட்டில்ல எழுதியிருந்துச்சு. நான் விட்டது 20 நிமிஷம்.

மறுநாள் காலையில வீட்டோட ராமேஸ்வரம் போனோம். அக்னி தீர்த்தத்துல இறங்கி முங்கினதும் முகத்துல மிளகாப்பொடி தடவின மாதிரி எரிச்சல். அம்மா, தங்கச்சி, பக்கத்துல நின்ன பெரியவர்னு எல்லாரும் அதே தண்ணியிலதான் முங்குனாங்க. யாருக்கும் எதுவும் ஆகலை. எனக்கு மட்டும் கண்ணுல தண்ணி.

அப்புறம் கோயில்ல 22 தீர்த்தம். அது முடிஞ்சு தனுஷ்கோடி. அரிச்சல்முனையில மத்தியான வெயில்ல தொப்பி இல்லாம, சன்ஸ்க்ரீன் இல்லாம ஒரு மணி நேரம் நின்னு செல்ஃபி எடுத்தேன். சாயங்காலம் முகம் சிவந்துச்சு. மூணாம் நாள் கன்னம் ரெண்டும் பொரிஞ்சு, மூக்கு ஓரம் உரிய ஆரம்பிச்சது. நிச்சயதார்த்த ஆல்பத்துல நான் பெரும்பாலும் பின்வரிசையிலதான் நிக்கிறேன்.

தோல் ஏற்கெனவே சம்பளம் வாங்காம செய்யற வேலை

மருந்துக் கடையிலயும் ஆப்லயும் நமக்கு விக்கப்படுற கதை இதுதான்: "முகத்துல செத்த செல் தங்கியிருக்கு, அதை எடுக்கலைன்னா முகம் மங்கிப் போகும்." பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் சொல்றதில்லை.

நம்ம தோலோட மேல் அடுக்கு முழுக்கவே செத்த செல்தான். அது குப்பை இல்லை, காம்பவுண்டு சுவர். சுமார் 15, 20 வரிசையா தட்டையான செல்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்கும். நடுவுல சாந்து மாதிரி கொழுப்பு. அந்தக் கொழுப்புல ஏறக்குறைய பாதி செராமைடு, மீதி கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும். இந்தச் சுவரைத்தான் 'ஸ்கின் பேரியர்'னு சொல்றாங்க. உள்ள இருக்கிற ஈரம் வெளிய போகாமலும், வெளிய இருக்கிற உப்பு, சோப்பு, கிருமி உள்ள வராமலும் பார்த்துக்கிறது இதோட வேலை.

இந்தச் சுவர் எவ்வளவு தடிமன் தெரியுமா? உள்ளங்கை, உள்ளங்கால் தவிர மத்த இடத்துல சுமார் 0.01 முதல் 0.02 மில்லிமீட்டர். ஆபீஸ் பிரிண்டர்ல போடுற ஏ4 பேப்பர் சுமார் 0.1 மில்லிமீட்டர். அதுல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல போகாது. அவ்வளவு மெலிசான ஒண்ணைத்தான் நாம வால்நட் ஓட்டுத் தூளை வச்சுத் தேய்க்கிறோம்.

பழைய செல்லை உதிர்க்கவும் தோல்லயே ஆள் இருக்கு. செல்களைப் பிணைக்கிற கொக்கிகளை நம்ம தோல்ல இருக்கிற நொதிகளே ஒவ்வொண்ணா வெட்டிவிடும். மேல உள்ளது கண்ணுக்குத் தெரியாம உதிரும், கீழயிருந்து புதுசு வரும். இளம் வயசுல இந்தச் சுற்று முடிய தோராயமா நாலு வாரம். வயசு ஏற ஏற இது மெதுவாகும்.

இந்த நொதிகளும் சுவர் கட்டுற வேலையும் ஒழுங்கா நடக்கணும்னா தோலோட மேற்பரப்பு லேசான அமிலத்தன்மையோட இருக்கணும். பிஹெச் அளவுல சொன்னா சுமார் 4.5 முதல் 5.5. சாதாரண சோப்புக் கட்டி 9, 10-னு இருக்கும். முகம் கழுவினதும் "கறகற"ன்னு சுத்தமான மாதிரி ஒரு இறுக்கம் வருதே, அது சுத்தம் இல்லைங்க. சாந்து கரைஞ்சதுக்கான அடையாளம்.

செட்டில் ஆகறதுக்கு முன்னாடியே அடுத்த டிரேட்

எக்ஸ்ஃபோலியேஷன் ரெண்டு வகை. ஒண்ணு தேய்க்கிறது: ஸ்க்ரப், பிரஷ், பீர்க்கங்காய் நார். இன்னொண்ணு கரைக்கிறது: கிளைகாலிக், லாக்டிக் மாதிரி ஏஹெச்ஏ அமிலங்கள், சாலிசிலிக்ங்கற பிஹெச்ஏ. அமிலங்கள் செல்களைப் பிணைக்கிற கொக்கியைத் தளர்த்தும். அளவா செஞ்சா முகம் வழவழன்னு தெரியறது உண்மைதான். நான் அதை மறுக்கலை.

பிரச்சினை எத்தனை தடவைங்கறதுல இருக்கு. சுவருக்கு ஒரு தடவை அடிபட்டா தோல் உடனே பழுது பார்க்க ஆரம்பிச்சிடும். ஆரோக்கியமான இளம் தோல்ல முதல் சில மணி நேரத்துலயே பாதி வேலை முடிஞ்சிடும். முழுசா சரியாக சுமார் 3 நாள் ஆகும்.

இப்போ என் கணக்கைப் பாருங்க. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, வாரத்துல ரெண்டு நாள் ஸ்க்ரப், ஒரு நாள் பீல். 3 நாள்ல முடிய வேண்டிய பழுதுக்கு நான் 12 மணி நேரம்கூடக் குடுக்கலை. ஷேர் மார்க்கெட்ல தினமும் வாங்கி வித்துக்கிட்டே இருக்கிறவரை நீங்க பார்த்திருப்பீங்க. ஒவ்வொரு டிரேடும் சின்ன லாபம் மாதிரி தெரியும். ஆனா புரோக்கரேஜும் வரியும் சேர்ந்து முதலையே அரிச்சிடும். ஒவ்வொரு தேய்ப்புக்கும் தோல் கட்டுற புரோக்கரேஜ்தான் அந்தச் சாந்து. ஓவர் டிரேடிங் பண்ணி முதல் போட்டதைக் கரைச்சவன் நான்.

சாந்து கரைஞ்ச சுவர் வழியா ஈரம் வெளிய போயிடும், முகம் இறுகும். அதுக்குப் பதிலா எண்ணெய் அதிகம் வடியற மாதிரி தெரியும். "எண்ணெய் வடியுதே"ன்னு இன்னும் ஒரு தடவை கழுவுவோம். பரு வந்தா இன்னும் கொஞ்சம் ஆசிட் போடுவோம். கடன் அடைக்க இன்னொரு கடன் வாங்குற அதே சுழல்தான் இது.

ராமேஸ்வரம் வெயில் இதுல எங்க வருது?

அமெரிக்காவோட உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ ஆதரவுல ஒரு ஆய்வு நடந்துச்சு. 10 சதவீத கிளைகாலிக் அமிலத்தை 4 வாரம் தடவின தோல்ல, புற ஊதாக் கதிரால சிவந்து போற தன்மை சராசரியா 18 சதவீதம் கூடியிருந்துச்சு. செல்லுக்குள்ள ஏற்படுற பாதிப்பு சராசரியா ரெண்டு மடங்கு. தடவுறதை நிறுத்தி ஒரு வாரம் ஆன பிறகு பெரிய வித்தியாசம் இல்லை. இதையெல்லாம் வச்சு 2005-ல எஃப்டிஏ ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டுச்சு. ஏஹெச்ஏ இருக்கிற பாட்டில்ல வெயில் எச்சரிக்கை போடணும், உபயோகிக்கிறப்பவும் நிறுத்தின பிறகு ஒரு வாரத்துக்கும் சன்ஸ்க்ரீன் போட்டு வெயிலைக் குறைக்கணும்னு அதுல இருக்கு.

நான் என்ன செஞ்சேன்? பீல் போட்ட 16 மணி நேரத்துல அரிச்சல்முனை. அங்க வெயில் மேல இருந்து மட்டும் வராது. உலர்ந்த கடற்கரை மணல் சுமார் 15 சதவீதமும், அலை நுரை சுமார் 25 சதவீதமும் புற ஊதாக் கதிரைத் திருப்பி அனுப்பும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ரெண்டு பக்கமும் கடல், நடுவுல வெள்ளை மணல். குடையே பிடிச்சாலும் கீழயிருந்து வர்றது வரும்.

நம்ம நிறத்துத் தோலுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. தோல் புண்பட்டு ஆறும்போது அந்த இடத்துல கறுப்புத் தழும்பு நிக்கும். வெள்ளைத் தோல்ல சிவந்து மறையற காயம், நம்ம தோல்ல மாசக்கணக்குல கருமையா இருக்கும். நிறம் கூடணும்னு தேய்ச்சவன் கன்னத்துல ரெண்டு கறுப்புத் திட்டு. அது போக எனக்கு அஞ்சு மாசம் ஆச்சு.

பாம்பன் அக்கா கேட்ட கேள்வி

நிச்சயதார்த்தத்துக்குச் சொல்றதுக்காக அம்மாவோட பாம்பன் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். எங்களுக்கு ரொம்ப நாள் பழக்கம். அந்த அக்கா கடலுக்குப் பாசி எடுக்கப் போறவங்க. பாம்பன், ராமேஸ்வரம், மண்டபம் பகுதி மீனவக் கிராமங்கள்ல தலைமுறை தலைமுறையா பெண்கள் செய்யற தொழில் அது. மரிக்கொழுந்து, கட்டக்கோரைன்னு பாசிக்கு அவங்க வச்சிருக்கிற பேரே அழகா இருக்கும். மணிக்கணக்கா கடல்ல நின்னு, முங்கி, பாறையில ஒட்டியிருக்கிறதைக் கையால பறிக்கணும்.

நாங்க போனப்ப அக்கா பழைய சேலையைக் கிழிச்சு நீளப் பட்டையா மடிச்சுக்கிட்டு இருந்தாங்க. பாறை கிழிச்சிடாம இருக்க விரல்ல சுத்துற துணி. என் முகத்தைப் பார்த்ததும்,

"என்ன தம்பி, மூஞ்சி ஏன் இப்பிடி உரிஞ்சு கெடக்கு? அம்மாவாசைக் கூட்டத்துல கடலுக்குள்ளயே கெடந்தியா?"

அம்மா முந்திக்கிட்டாங்க. "அதெல்லாம் இல்ல. எதையோ வாங்கிப் பூசி அவனே உரிச்சுக்கிட்டான்."

"காசு குடுத்தா?"

நான் தலையை ஆட்டினேன். அக்கா சிரிக்கலை. துணிப் பட்டையைத் தூக்கிக் காட்டிச் சொன்னாங்க: "நீ காசு குடுத்து உரிக்கிற. நாங்க உரிஞ்சிரக் கூடாதுன்னு துணியச் சுத்துறோம். தோலு போச்சுன்னா மறுநா கடலுக்கு எப்பிடிப் போறது தம்பி? உப்புத் தண்ணி விடுமா?"

எந்த டெர்மட்டாலஜி வீடியோவும் எனக்கு இவ்வளவு தெளிவா சொன்னதில்லை. ரொம்ப நேரம் தண்ணியில ஊறின தோல் உப்பி, செங்கல்லுக்கு நடுவுல இருக்கிற கொழுப்பு குலையும். அந்த நேரத்துல பாறையில உரசினா சுலபமா கிழியும். இதை அவங்க புத்தகத்துல படிக்கலை. ஒரு நாள் தோல் போனா ஒரு நாள் கூலி போகும், அதுல இருந்து தெரிஞ்சுக்கிட்டது. அவங்களுக்குத் தோல் ஒரு முதல். எனக்கு அது ஒரு ஆல்பம் போட்டோ. வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்தப் பாசி உங்க பாட்டில்லயும் இருக்கலாம்

இதுல இன்னொரு வேடிக்கையும் இருக்கு. மரிக்கொழுந்துல இருந்து எடுக்கிறது அகர் அகர். ரம்ஜான் நோன்புக்கு கீழக்கரை வீடுகள்ல கடல்பாசி செய்வாங்களே, அதே பொருள். கட்டக்கோரையில இருந்து ஆல்ஜினேட். மண்டபம் பக்கம் மூங்கில் மிதவையில வளர்க்கிற கப்பாஃபைகஸ் பாசியில இருந்து காராஜீனன். ஜெல், டூத்பேஸ்ட், ஃபேஸ் பேக்குன்னு பலதுல பதம் கெட்டியா இருக்கறதுக்கு இந்த மாதிரிப் பிசின்களைத்தான் சேர்ப்பாங்க.

அதனால 'கடல்பாசி ஸ்க்ரப்', 'சீவீட் பீல்'னு அட்டையில பார்த்ததும் மயங்காதீங்க. பிசின் பதத்தைத் தரும், மேல ஈரமா ஒரு படலம் போடும். செல்லை உரிக்கிறது கூட இருக்கிற அமிலமோ, துகளோதான். பிசினும் பொதுவா ஒண்ணு, ரெண்டு சதவீதத்துக்குள்ளதான் இருக்கும். கரையில கிலோ கணக்குல விக்கிற பொருள், பாட்டில்ல மில்லி கணக்குல விலையாகுது. நடுவுல இருக்கிற வித்தியாசத்துல விளம்பரத்துக்கும் அட்டைப்பெட்டிக்கும் ஒரு பங்கு உண்டு.

மியூச்சுவல் ஃபண்டுக்கு ஃபேக்ட் ஷீட் படிக்கிறீங்க இல்ல? அதே மாதிரி லேபிளைப் படிங்க. மூணு விஷயம் போதும்:

- சேர்மானப் பட்டியல் அதிகத்துல இருந்து குறைவுக்குப் போகும். 1 சதவீதத்துக்கும் குறைவானது கடைசியில எந்த வரிசையில வேணும்னாலும் வரலாம். முன் அட்டையில பெருசா இருக்கிற பேர் பட்டியல்ல கடைசியில இருந்தா, நீங்க காசு குடுக்கிறது பேருக்கு.
- ஏஹெச்ஏ எத்தனை சதவீதம், பிஹெச் எவ்வளவு? வீட்டு உபயோகத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல போகாம, பிஹெச் 3.5-க்குக் கீழ இறங்காம, வெயில் பாதுகாப்போட இருந்தா சரின்னு அமெரிக்க நிபுணர் குழு ஒண்ணு 1998-லயே சொல்லிடுச்சு. 30 சதவீத பீல் எல்லாம் பார்லர்ல, கிளினிக்ல ஆள் பக்கத்துல நின்னு போட வேண்டியது.
- ஸ்க்ரப் துகள் எது? 'பாலிஎத்திலீன்'னு இருந்தா அது பிளாஸ்டிக் மணி, வைங்க கீழ. வாஷ் பேசின்ல போறது கடைசியில கடலுக்குத்தான் போகும். அமெரிக்கா 2015-லயே இதைத் தடுக்கச் சட்டம் போட்டுடுச்சு. மன்னார் வளைகுடாவோட 21 தீவும் பவளப்பாறையும் நம்ம ஃபேஸ் வாஷுக்கு வடிகால் இல்லை.

"அப்போ வீட்டு வைத்தியம் ஓகேவா?"

கமெண்ட்ல இதைத்தான் முதல்ல கேப்பீங்கன்னு தெரியும். எல்லாம் ஓகே இல்லை.

எலுமிச்சைச் சாறோட பிஹெச் 2-ல இருந்து 3-க்குள்ள. சதவீதம் தெரியாத, கட்டுப்பாடு இல்லாத ஆசிட் அது. தடவிட்டு வெயில்ல போனா சிலருக்குக் கொப்புளம் வந்து கறுத்துப் போகும். சமையல் சோடா நேர் எதிர், காரம். சர்க்கரை, கல் உப்பு, ரவை எல்லாம் முனை கூரான துகள். குதிகாலுக்குப் பரவாயில்லை, கன்னத்துக்கு வேண்டாம். பீர்க்கங்காய் நாரும் அப்படித்தான். முதுகு, முழங்கால், பாதத்தோட நிறுத்துங்க. குளிச்சதும் நல்லா காய வைங்க, இல்லைன்னா கிருமி வளரும்.

பயத்தமாவு, நலுங்கு மாவு? நல்லா சலிச்சு, குழைச்சு, அழுத்தாம தடவிக் கழுவினா பலருக்கு ஒத்துக்கும். காய்ஞ்சு இறுகின பிறகு வறட்டு வறட்டுன்னு தேய்ச்சு எடுக்கிறதுதான் தப்பு.

இன்னொண்ணு தண்ணி. ராமநாதபுரம் மாவட்டத்துல பல இடத்துல நிலத்தடி நீர் உப்பு. சென்னையில பிஜி, ஹாஸ்டல் போர்வெல் தண்ணியும் பல இடத்துல கடின நீர். கடின நீர்ல கழுவினா சோப்பு நுரை தோல்ல அதிகமா தங்கி எரிச்சலைக் கூட்டுதுன்னு இங்கிலாந்தோட ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல காட்டினாங்க. ஊர் மாறினதும் முகம் வறண்டு போச்சுன்னா, புது சீரம் தேடறதுக்கு முன்னாடி சோப்பையும் தண்ணியையும் சந்தேகப்படுங்க.

யாருக்கு எக்ஸ்ஃபோலியேஷன் வேணும்? எவ்வளவு?

நான் "தொடவே தொடாதீங்க"ன்னு சொல்லலை. தேவை இருந்தா, அளவோட.

- எண்ணெய்ப் பசை, கரும்புள்ளி, பரு: சாலிசிலிக் ஒண்ணு மட்டும். அது எண்ணெயில கரையும், அதனால துவாரத்துக்குள்ள போகும். வாரம் ரெண்டு தடவையில ஆரம்பிங்க.
- வறண்ட, மங்கின தோல்: குறைஞ்ச சதவீத லாக்டிக் வாரம் ஒரு தடவை. ராத்திரி மட்டும்.
- ஒரு நேரத்துல ஒரே ஒரு பொருள். ஸ்க்ரப்பும் ஆசிட்டும் சேர்த்து வேண்டாம்.
- டிரெட்டினாயின், அடாபலீன் மாதிரி மருந்து போடுறவங்க, எக்ஸிமா இருக்கிறவங்க, வெயில்ல கன்றிப்போனவங்க, ஷேவ், த்ரெட்டிங், வேக்ஸ் பண்ணின அன்னைக்கு: வேண்டவே வேண்டாம். மருந்து போடுறவங்க டாக்டரைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.
- மறுநாள் பீச், பைக் பயணம், கிரிக்கெட் மேட்ச் இருந்தா முந்தின ராத்திரி தொடாதீங்க.

ஏற்கெனவே போச்சுன்னா?

வெறும் தண்ணி பட்டாலே எரியுதா? வழக்கமா போடுற கிரீம் திடீர்னு சுருக்குன்னு குத்துதா? முகம் பளபளன்னு ஆனா இறுக்கமா, பிளாஸ்டிக் மாதிரி மின்னுதா? சுவர் உடைஞ்சிருக்குன்னு அர்த்தம். அக்னி தீர்த்தம் எனக்குச் சொன்னதும் அதைத்தான். நான்தான் கேக்கலை.

செய்ய வேண்டியது ரொம்ப சிம்பிள், ரொம்ப மலிவு. எல்லா ஸ்க்ரப், ஆசிட், ரெட்டினால், விட்டமின் சி எல்லாத்தையும் நிறுத்துங்க. மைல்டு கிளென்சர் ராத்திரி ஒரு தடவை, காலையில வெறும் தண்ணி. ஈரம் காயறதுக்குள்ள செராமைடோ கிளிசரினோ இருக்கிற வாசனையில்லாத மாய்ஸ்சரைசர். ரொம்ப வறண்ட இடத்துல மெலிசா பெட்ரோலியம் ஜெல்லி. பகல்ல எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீன், தொப்பி. பல நாளா தேய்ச்சதுக்கு 3 நாள் பத்தாது, ரெண்டுல இருந்து நாலு வாரம் பொறுமை வேணும்.

நீர் வடிஞ்சாலோ, வீங்கினாலோ, ஒரு வாரத்துல குறையலைன்னாலோ தோல் டாக்டரைப் பாருங்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல தோல் நோய்ப் பிரிவு இருக்கு, அங்க காட்டுறதுக்குப் பெரிய செலவு இல்லை. மருந்துக் கடையில சீட்டு இல்லாம 'வெள்ளையாக்குற' ஸ்டீராய்டு கிரீம் மட்டும் வாங்கிடாதீங்க. அது சுவரை இன்னும் மெலிசாக்கும். இன்ஷூரன்ஸ் பார்த்துக்கும்னும் நினைக்காதீங்க. சாதாரண ஹெல்த் பாலிசிகள்ல இந்த மாதிரி வெளிநோயாளிச் செலவு பொதுவா வராது. அழகு சிகிச்சைக்கு கண்டிப்பா வராது.

இப்போ வாங்க, கணக்குக்கு

என் பழைய மாசச் செலவு: சாலிசிலிக் ஃபேஸ் வாஷ் ரூ.350, கிளைகாலிக் டோனர் ரூ.300, பீலிங் சொல்யூஷன் ரூ.350, ஸ்க்ரப் ரூ.150. மொத்தம் ரூ.1,150. வருஷத்துக்கு ரூ.13,800.

சுவர் உடைஞ்சதுக்கு அப்புறம் ஆன பழுதுச் செலவு: டாக்டர் ரெண்டு தடவை ரூ.1,000, மருந்தும் கிரீமும் ரூ.1,050. மொத்தம் ரூ.2,050. உடைக்கிறதுக்கும் நான்தான் காசு குடுத்தேன், கட்டுறதுக்கும் நான்தான் குடுத்தேன்.

இப்போ மாசச் செலவு: மைல்டு கிளென்சர், மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன் மூணும் சேர்த்து ரூ.700. மிச்சம் ரூ.450.

மாசம் ரூ.450-ஐ 7 சதவீத வட்டியில 10 வருஷம் போட்டா, கட்டின ரூ.54,000 சுமார் ரூ.78,000 ஆகும். ஈக்விட்டி ஃபண்ட் எஸ்ஐபியில 12 சதவீதம் கிடைச்சா சுமார் ரூ.1.04 லட்சம். 12 சதவீதம் யாரும் உத்தரவாதம் தர முடியாது, அதையும் மனசுல வச்சுக்கோங்க. இது வாழ்க்கையை மாத்துற தொகை இல்லைன்னு எனக்கும் தெரியும். ஆனா இந்தக் கணக்குல வராத ஒண்ணு இருக்கு: அஞ்சு மாசம் கறுப்புத் திட்டோட ஆபீஸ் போனது, தங்கச்சி ஆல்பத்துல பின்வரிசையில நின்னது. அதை எந்த எஸ்ஐபியும் திருப்பித் தராது.

இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை செய்யுங்க. பாத்ரூம் அலமாரியில இருக்கிற எல்லாத்தையும் எடுத்துக் கட்டில்ல வரிசையா வைங்க. 'உரிக்கிறது' எது, 'காக்கிறது' எதுன்னு ரெண்டா பிரிங்க. உரிக்கிற பக்கம் ஒண்ணுக்கு மேல இருந்தா, ஒண்ணை வச்சுக்கிட்டு மத்தது தீர்ந்ததும் திரும்ப வாங்காதீங்க. ஆட்டோ ரீஆர்டர் போட்டிருந்தா இப்பவே நிறுத்துங்க. காக்கிற பக்கம் காலியா இருந்தா, அடுத்த சம்பளத்துல முதல்ல வாங்க வேண்டியது சன்ஸ்க்ரீன்.

போன மாசம் ஊருக்குப் போனப்ப பாம்பன் அக்காவைத் திரும்பப் பார்த்தேன். ஒரு சன்ஸ்க்ரீன் வாங்கிட்டுப் போய்க் குடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இது உரிக்குமா, காக்குமா?"ன்னு கேட்டாங்க.

"காக்கும்க்கா."

"அப்ப குடு."

அடுத்த தடவை கார்ட்ல எதைப் போட்டாலும் 'பை நவ்' அழுத்தறதுக்கு முன்னாடி அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்க. உங்க அலமாரி கணக்கு எவ்வளவு வந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க.